அட்மின் அழித்த செய்தி: பாலாற்றுத் தோல் பகுதியின் வாட்ஸ்அப் குழுக்களில் வதந்தியும் மாற்றுக் குரலும்

1. ஒரு பாட்டில் தண்ணீர்

பாலாற்றங்கரையில் தோல் தொழிலால் வாழும் ஆம்பூரில் நான் உறுப்பினராக இருக்கும் தெருக் குழு ஒன்றில் 2023 கோடையில் ஒரு படம் வந்தது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். மேல் தாளைக் கிழித்திருந்தார்கள். உள்ளே போர் தண்ணீர் வெளிர் மஞ்சளாக, கழுத்தருகே நுரை வளையம் கட்டி நின்றது. பின்னால் துணி துவைக்கும் கல். அனுப்பியவர் ஷூ கம்பெனிக்கு மேல்பாகம் தைக்கும் பெண். படத்தின் கீழே அரை நிமிடக் குரல் பதிவு: "பசங்களைக் குளிப்பாட்டினா உடம்பெல்லாம் அரிக்குது. உங்க வீட்லயும் இப்படித்தானா, எங்க போர்ல மட்டுமா?" எந்தத் தோல் ஷாப்பின் (தோல் பதனிடும் ஆலையின்) பெயரையும் அவர் சொல்லவில்லை. யாரையும் குற்றம் சாட்டவும் இல்லை.

ஏழெட்டு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர் எழுதினார்: "ஊர்ப் பேரைக் கெடுக்காதீங்க." இன்னொருவர்: "மனை வாங்க வர்றவன் இதைப் பார்த்தா வருவானா?" மூன்றாமவர் உருதுவில் நீளமாகப் பேசி அனுப்பினார், குழுவில் பாதிப் பேருக்கு அது புரிந்திருக்காது. அதற்குள் அட்மின் படத்தையும் குரலையும் அழித்தார். இனி அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவையும் பூட்டினார். மறுநாள் காலை பூட்டு திறந்தது. ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் வந்தது. அந்தப் பெண் குழுவில் இல்லை.

இதே குழுவில், இதே அட்மின் இருந்தபோதுதான், 2018 ஏப்ரலில் வேறொரு குரல் பதிவு வந்தது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் மாவட்டத்தில் இறங்கியிருக்கிறது என்று பதறிய ஆண் குரல். அது நாள்கணக்கில் குழுவில் கிடந்தது. பிறர் அனுப்பியதை அழிக்கும் வசதி அப்போது அட்மினுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் 'இது பொய், யாரும் அனுப்பாதீர்கள்' என்று ஒரு வரி எழுத எதுவும் தடையாக இருக்கவில்லை. அவர் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அழிக்கப்பட வேண்டியது தங்கியது. தங்க வேண்டியது அழிக்கப்பட்டது. இது ஒரு தனிமனிதரின் அறிவுக்குறையா, அல்லது நம் சமூகங்கள் கருத்து வேற்றுமையைக் கையாண்டு பழகிய முறையே கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. 2018: யாரும் மறுக்காத செய்தி

அந்த ஏப்ரல் இறுதியில் குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தில், இந்தி பேசிய ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். மே 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூரை ஒட்டிய அத்திமூர்ப் பகுதியில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அது போதுமானதாக இருந்தது. 65 வயதுப் பெண் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இப்படியே கொல்லப்பட்ட பிறகுதான் நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. அம்மாதமே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது.

இக்கொலைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் அறியாமை. கிராமத்தார் கையில் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது, எது மெய், எது பொய் என்று பிரிக்கத் தெரியவில்லை என்பார்கள். அந்த ஆண்டு நாடு முழுதும் சுற்றிய ஒரு காணொளி, கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்டது. கடைசியில் வரும் விளக்கத்தை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். இதைக் கண்டுபிடிக்கத் தெரியாததுதான் குற்றம் என்றால், பயிற்சி வகுப்பு நடத்தினால் சரியாகிவிடும்.

ஷகுந்தலா பானாஜி, ராம் பட் ஆகியோர் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்காகச் செய்த ஆய்வு (2019) இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. தொழில்நுட்பம் நன்கு தெரிந்தவர்களும் பரப்பினார்கள். முன்பே மனத்தில் ஊறிய பகைமையும், தம்மவர் அனுப்பியது என்ற நம்பிக்கையும், நம்மவரைக் காக்கிறோம் என்ற கடமையுணர்வுமே அவர்களை இயக்கின என்று அந்த ஆய்வு காட்டுகிறது. எங்கள் பகுதியைப் பொறுத்தவரை இந்த விளக்கமே எனக்குப் பொருந்துகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளர் நிறையப் பேர் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தார். நம் ஊரின் கசடில் மூழ்கி இறந்தவர்கள் மூன்றே ஆண்டில் நம் ஊரின் பிள்ளை பிடிப்பவர்களாக ஆனது எப்படி? அந்த வெளிமாநிலத் தொழிலாளர் எந்தத் தெருக் குழுவிலும் இல்லை. குழுவுக்குள் இல்லாதவரைப் பற்றி எதுவும் சொல்லலாம். மறுத்துச் சொல்ல அங்கே ஆள் கிடையாது.

அதனால் 2018இன் தோல்வியை மிகையான பேச்சுச் சுதந்திரத்தின் விளைவாக நான் பார்க்கவில்லை. 200 பேர் இருந்த குழுவில் ஒருவர்கூட மறுக்கவில்லை. மறுப்பது ஒற்றுமைக்குக் குந்தகம் என்று பழகியவர்கள் பொய்யையும் மறுக்க மாட்டார்கள். 2018இல் இருந்த மௌனமும் 2023இல் பாட்டில் படத்துக்குப் பின் விழுந்த மௌனமும் ஒரே மௌனம்.

3. சட்டம் அட்மினை எங்கே நிறுத்துகிறது

அந்த அட்மினை நான் நேரில் சந்தித்துக் கேட்டேன். கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர், தெருவில் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்பவர். "நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா ஸ்டேஷன்லருந்து போன் வந்தா எனக்குத்தானே வரும்?" என்றார். கலவரமோ பதற்றமோ வரும்போதெல்லாம் 'அட்மின்களே பொறுப்பு' என்ற எச்சரிக்கை நாடெங்கும் காவல்துறையிடமிருந்து வருகிறது. 2017 ஏப்ரலில் வாரணாசி மாவட்ட நிர்வாகம் இதை ஆணையாகவே வெளியிட்டது.

நீதிமன்றங்கள் போன திசை வேறு. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், உறுப்பினர் எழுதிய அவதூறுக்கு அட்மினைப் பொறுப்பாக்குவது, பத்திரிகையில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்தவரைப் பொறுப்பாக்குவது போன்றது என்றது. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், பிறர் செய்த குற்றத்துக்கு அட்மின் என்பதாலேயே ஒருவர் பொறுப்பாக மாட்டார் என்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்களின் குழு ஒன்று தொடர்பான வழக்கில், அட்மினாக இருந்தது தவிர மனுதாரர் வேறெதுவும் செய்யவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. ஃபார்வர்ட் செய்தவர் நிலை வேறு. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கில், பகிர்வது ஏற்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்புகள் சரியானவை என்றே கருதுகிறேன். ஆனால் அவற்றின் அடிப்படை, அட்மினுக்கு ஆளைச் சேர்க்கவும் விலக்கவும் மட்டுமே முடியும், வரும் செய்தியை முன்கூட்டித் தணிக்கை செய்ய முடியாது என்பதே. 2022 முதல் பிறர் செய்தியை எல்லோர் கைப்பேசியிலிருந்தும் அழிக்கும் அதிகாரம் அட்மினுக்கு வந்துவிட்டது. குழுவைப் பூட்டும் அதிகாரம் 2018இலேயே வந்தது. அதிகாரம் வளர்ந்த வேகத்தில் கடமை வளரவில்லை. 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒரு சமூக ஊடக நிறுவனம் நம் பதிவை நீக்கினால் குறைதீர் அலுவலரிடம் போகலாம். 2023 முதல் மேல்முறையீட்டுக் குழுவும் உண்டு. தெருக் குழு அட்மின் நீக்கினால் போக இடமில்லை. நீக்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் இல்லை. காவல் நிலையத்துக்கு அஞ்சும் ஒருவர் கையில் அழிக்கும் பொத்தான் மட்டும் இருந்தால், சந்தேகம் வரும்போதெல்லாம் அதைத்தான் அழுத்துவார்.

4. பழைய சபை, புதிய பூட்டு

நேதன் ஷ்னைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர், இணையக் குழுக்களின் மென்பொருள் அமைப்பிலேயே நிலப்பிரபுத்துவம் உறைந்திருக்கிறது என்கிறார். தொடங்கியவரே உரிமையாளர்; அவர் விரும்பினால் பிறருக்குப் பதவி தருவார்; அவரை மாற்ற உறுப்பினர்களுக்கு வழி கிடையாது. சாதாரணத் தோட்டக் கழகத்துக்குக்கூட விதிகளும் தேர்தலும் இருக்க, கோடிக்கணக்கானோர் புழங்கும் இணையக் குழுக்களுக்கு அவை இல்லாமல் போனது ஏன் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் அட்மினுக்குக் காலவரம்பு இல்லை, கணக்கு இல்லை, வாக்கு இல்லை. பாலாற்றுக்குத் தெற்கே, உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரியத்தாருக்கு 360 நாள் என்று கெடு வைத்து, முந்தைய மூன்றாண்டில் பதவி வகித்தவரையும் கணக்குக் காட்டாதவரையும் விலக்கியது. நிலமும் கல்வியும் உள்ள சிலருக்கான சபைதான் அது; ஜனநாயகம் என்று அதைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பதவிக்கு முடிவு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஷ்னைடர் பழியை மென்பொருள்மேல் போடுகிறார். எனக்கு அது பாதி உண்மை. ஊர்க் கட்டுப்பாடு, சாதிப் பஞ்சாயத்து, ஜமாத், தொழிற்சங்கம் என்று இங்கே ஒவ்வொன்றிலும் மாற்றுக் கருத்துக்காரரை முதலில் 'ஊர் ஒற்றுமை' என்ற சொல்லால்தான் எதிர்கொண்டிருக்கிறோம். தக்கலையில் கவிஞர் எச்.ஜி.ரசூல் ஒரு கட்டுரைக்காக 2007இல் ஜமாத்திலிருந்து ஊர் விலக்கம் செய்யப்பட்டார். 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் தன் நாவல் ஒன்றுக்காக நாமக்கல்லில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்ற பெயரில் அழைக்கப்பட்டு உறுதிமொழி எழுதிக் கொடுக்க வைக்கப்பட்டார். அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மேசையில் நடந்தது அமைதிக்கான பேச்சு என்றால், எங்கள் அட்மின் போட்ட பூட்டும் அமைதிதான்.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு காட்சி உண்டு. 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. வெளியே இலவசமாக வழங்குவோம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டித் திருவிழா ஒத்திவைக்கப்பட்டது. அந்த வாரம் வங்கக் கடலில் புயல் இருந்தது; மழைக் காரணம் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் எழுந்த கேள்விக்கு, அதாவது இந்த ஊரில் பலர் உண்பதை ஊரின் திருவிழா ஏன் ஏற்கவில்லை என்பதற்கு, ஒத்திவைப்பு விடை ஆகாது. கேள்வி தானாகக் களைத்துப்போகும் வரை காத்திருப்பது ஒரு நிர்வாக உத்தி. குழுவைப் பூட்டிவைத்துக் காலையில் திறப்பதும் அதுவே.

இன்னும் பின்னே போனால் வேலூர்க் கோட்டை. 1806 மே மாதம், தோலில் செய்த சின்னம் செருகிய புதிய தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆங்கிலேய அதிகாரிகள் தலா 900 கசையடி விதித்தார்கள். கோரிக்கை அடங்கியதாக நினைத்தார்கள். ஜூனில் முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய், கிளர்ச்சி வரப்போகிறது என்று மேலதிகாரியிடம் சொன்னார். அதை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளின் குழுவிடம் போனது. சதியில் இருந்தவர்களே அதில் இருந்தார்கள். அவருக்குப் பைத்தியம் என்று முடிவு செய்து சிறையில் வைத்தார்கள். ஜூலை 10 விடியுமுன் துப்பாக்கிகள் வெடித்தன. என் மனம் கிளர்ச்சியாளர் பக்கமே. ஆனால் ஒரு நிர்வாகம் தன் காதைத் தானே எப்படி அடைத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. முறையீட்டைக் குற்றமாக்கினார்கள்; எச்சரிக்கையைப் பைத்தியமாக்கினார்கள்; விசாரிக்கும் வேலையைச் சம்பந்தப்பட்டவரிடமே கொடுத்தார்கள். அட்மின் செய்ததைப் பற்றி அட்மினிடமே முறையிடும் குழுவில் இந்த மூன்றாவது பிழை தினமும் நடக்கிறது.

5. உள்ளே கேட்காத குரல் போன இடம்

பாட்டில் படத்தை அழித்தவர்கள் மறந்துவிட்ட ஒன்று உண்டு: இந்தக் கேள்வியை இந்தப் பகுதியில் கேட்ட முதல் ஆள் அந்தப் பெண் அல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய், கச்சாத் தோல் ஏற்றுமதிக்கு 1970களில் கட்டுப்பாடு வந்து, முழுமை செய்த தோலுக்கும் குரோமியப் பதனிடலுக்கும் தொழில் மாறியபோது, நீரின் தேவையும் கழிவின் நஞ்சும் ஏறின. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. கிணற்றில் உப்பு ஏறியதை முதலில் சொன்னவர்கள் விவசாயிகள். அவர்களுக்குக் கிடைத்த பதில் 'பிழைப்பா, தண்ணீரா?' என்பது. அந்தப் பதிலை வெறும் முதலாளி சூழ்ச்சி என்று நான் ஒதுக்க மாட்டேன். அதே வீட்டில் அண்ணன் நிலத்தில் உழுதார். தம்பி தோல் ஷாப்பில் டிரம் ஓட்டினார்.

ஊருக்குள் தீராத வழக்கு டெல்லிக்குப் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் மனுச் செய்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தோல் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவு விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டிருந்ததை வேளாண் பல்கலைக்கழக ஆய்வைக் கொண்டு தீர்ப்பு பதிவு செய்தது. பின்னர் அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோராக இனம்கண்டு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. அதோடும் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாறு, இதே இழப்பீடு குறித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் மனுவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டு.

உள்ளூரில் கேட்டிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீதிமன்றத்தின் நெருக்கடி இல்லாமல் இந்த அளவு வந்திருக்கும் என்று தோன்றவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டது வழக்குக் கேள்வி அல்ல, 'உங்க வீட்லயும் இப்படித்தானா?' என்பது. அதற்குப் பத்து வீடுகள் ஆமாம் என்றும் பத்து வீடுகள் இல்லை என்றும் பதில் சொல்லியிருந்தால், எந்தத் தெருவில் எந்த ஆழத்தில் தண்ணீர் கெட்டிருக்கிறது என்ற வரைபடம் ஒரே மாலையில் கிடைத்திருக்கும். நீதிமன்றம் வல்லுநர்களை வைத்து ஆண்டுக்கணக்கில் திரட்டுவதைத் தெருக் குழுவால் ஒரு மணி நேரத்தில் திரட்டத் தொடங்கியிருக்க முடியும். அழிக்கப்பட்டது அந்த வாய்ப்பு.

6. சத்தமில்லாமல் வெளியேறுவது

ஒரு அமைப்பில் குறை கண்டவருக்கு இரண்டு வழி உண்டு என்றார் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளிவந்த நூலில்: குரல் கொடுக்கலாம், விலகலாம். விலகலும் ஒரு செய்திதான். ஆள் போவதைப் பார்த்து அமைப்பு திருந்தலாம். ஊரைவிட்டு ஒருவர் குடிபோனால் ஊர் முழுக்கத் தெரியும். வாட்ஸ்அப் குழுவிலும் முன்பு 'இன்னார் வெளியேறினார்' என்று எல்லோருக்கும் வரும். யாராவது போன் போட்டு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். 2022இல் வந்த மாற்றத்துக்குப் பின் அந்த அறிவிப்பு அட்மினுக்கு மட்டுமே போகிறது. தொந்தரவு கொடுப்பவரிடமிருந்து தப்ப நினைக்கும் பெண்களுக்கு அது பெரிய உதவி. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் குழுவில் அதன் விளைவு, குரலும் அழிந்தது, விலகலும் தெரியவில்லை. அந்தப் பெண் போய்விட்டார் என்பது எனக்கே பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வதந்தியையும் மாற்றுக் குரலையும் பிரிப்பது கடினம் என்பார்கள். சில வேளை கடினம்தான். ஆனால் இங்கே கடினம் இல்லை. பிள்ளை பிடிப்பவன் செய்தி எங்கிருந்தோ வந்தது. அனுப்பியவர் கண்ணால் பார்க்கவில்லை. அது ஆளைக் காட்டிக் கையை ஓங்கச் சொன்னது. பாட்டில் படம் அனுப்பியவரின் சொந்த வீட்டிலிருந்து வந்தது. யாரும் போய்ப் பார்க்கலாம். அது ஒரு கேள்வி கேட்டது. யார் பார்த்தது, சரிபார்க்க வழி உண்டா, யாருக்குத் தீங்கு என்ற மூன்றையும் அட்மின் கேட்டிருந்தால் போதும். அதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. அழித்தால் ஏன் அழித்தேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அழிக்கும் முடிவில் இன்னொருவரும் சேர வேண்டும், அந்த இன்னொருவர் வேறு மொழி பேசுபவராகவோ பெண்ணாகவோ இருக்க வேண்டும். பூட்டினால் எத்தனை மணிக்குத் திறப்போம் என்று சொல்லிப் பூட்ட வேண்டும். என் அனுபவத்தில் இவற்றில் கடைசி ஒன்றைச் செய்ய வைப்பதற்கே மூன்று மாதம் ஆனது.

அந்தப் பெண் இப்போது தனியாக ஒரு குழு வைத்திருக்கிறார். பெரும்பாலும் வீட்டிலிருந்து ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்கள், 31 பேர். வெள்ளிதோறும் அவரவர் போர் தண்ணீரை ஒரே அளவு பாட்டிலில் பிடித்து, தேதி எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்புகிறார்கள். என்னையும் சேர்த்தார். போன மாதம், உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்காரர், சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர், மனைவியின் போனிலிருந்தே எழுதினார்: "எங்க பிளான்ட்ல எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது. நீங்க சும்மா ஊரைக் கிளப்பிவிடறீங்க." ஐந்தாறு பேர் உடனே எழுதினார்கள்: "அக்கா, இவரை ரிமூவ் பண்ணுங்க." அந்தப் பெண் ரிமூவ் செய்யவில்லை. "அண்ணே, அங்க எடுக்கற அளவு எவ்வளவுன்னு எங்களுக்கும் அனுப்புங்க, பக்கத்துலயே வெச்சுப் பாக்கறோம்" என்று எழுதினார். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு தாளின் படம் வந்தது, கையால் எழுதிய எண்களோடு. அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.